பல்லுக்குக் கிறவுண்: அச்சு எடுப்பதா, ஸ்கான் செய்விப்பதா?

கொக்குவில் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றுக்கு அண்மையில் வேர்ச் சிகிச்சை முடிந்தது. அந்தப் பல்லுக்குக் கிறவுண் (பல்லை மூடிப் பொருத்தும் உறை) போடாமல் விட்டால், கடினமானதைக் கடிக்கும்போது அது பிளந்துபோகக்கூடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இரண்டு இடங்களில் விசாரித்தோம். ஓரிடத்தில் சிலிக்கோன் பசையால் அச்சு எடுத்து, கிறவுண் செய்யும் கொழும்பு லாபுக்கு (ஆய்வுகூடத்துக்கு) அனுப்புகிறார்கள். மற்ற இடத்தில் சிறிய கமரா பொருத்திய கருவியை வாய்க்குள் வைத்து ஸ்கான் செய்து, அந்தக் கோப்பை இணையத்தில் அனுப்புகிறார்கள். இரண்டாவதற்குக் கட்டணம் கணிசமாகக் கூடுதலாக இருக்கிறது. மேலதிகமாகக் கொடுக்கும் பணத்துக்கு அம்மாவின் பல்லுக்கு உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா, அல்லது அது வைத்தியருக்கும் லாபுக்கும் வசதியான ஏற்பாடு மட்டுமா என்பதைத் துறை தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பல் தொழில்நுட்பவியலாளர், திருநெல்வேலி:

வணக்கம். சிலிக்கோன் அச்சுகளும் ஸ்கான் கோப்புகளும் நாளாந்தம் என் மேசைக்கு வருகின்றன. ஆகவே நான் பார்க்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அச்சு எடுப்பதில் தொடங்கிக் கிறவுண் பல்லில் அமரும் வரை பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் பொருள் சற்று விரியும், அல்லது சுருங்கும். அச்சுக்குள் ஊற்றும் ஜிப்சம் இறுகும்போது சிறிதளவு விரிகிறது. உலோகக் கிறவுண்களை வார்க்கும்போது உலோகம் ஆறிச் சுருங்குகிறது. மெழுகு உருவைச் சுற்றி ஊற்றும் கலவையோ உலையின் சூட்டில் விரிகிறது. இந்த விரிவும் அந்தச் சுருக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி கணக்கிட்டுத்தான் எங்களுக்கு முந்தியவர்கள் வேலை செய்தார்கள். அந்தக் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட நான் ஆயத்தமில்லை. மக்லீன், வொன் ஃபிரான்ஹோபர் ஆகிய இருவரும் 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கிறவுணின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளி 120 மைக்ரோமீற்றருக்குள் (0.12 மில்லிமீற்றர்) இருந்தால் அதனை ஏற்றுக்கொள்ளலாம் என்றது. இன்றும் பலர் எடுத்துக்காட்டும் அளவு அதுவே. நன்றாக எடுத்த சிலிக்கோன் அச்சிலிருந்தும் அந்த அளவுக்குள் வேலை செய்ய முடியும். நல்ல ஸ்கானிலிருந்தும் முடியும். ஒரு தனிப் பல்லைப் பொறுத்தவரை, துல்லியத்தை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படியானால் ஸ்கானால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பிழை வெளிப்படும் நேரத்தை அது முன்னுக்குக் கொண்டுவருகிறது. இதைத்தான் நான் மிகப் பெரிய பயனாகக் கருதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அச்சின் விளிம்பில் ஒரு சிறு காற்றுக் குமிழ் இருந்தாலோ, பசை கிழிந்திருந்தாலோ, லாபில் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அதைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய் ஓரிரு நாட்கள் ஆகியிருக்கும். அப்போது இரண்டு வழிகள்தான் உண்டு: வைத்தியரை அழைத்து மீண்டும் அச்சுக் கேட்பது, அல்லது விளிம்பு எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்து வரைவது. ஊகித்து வரைந்த விளிம்பில் செய்த கிறவுணுக்குக் கீழேதான் பின்னர் சொத்தை தொடங்குகிறது. ஸ்கானில் அதே விளிம்பைத் திரையில் பல மடங்கு பெருப்பித்துப் பார்க்கலாம். நோயாளி கதிரையில் இருக்கும்போதே, தெளிவில்லாத பகுதியை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தை மீண்டும் ஸ்கான் செய்யலாம். மேற்பல்லுக்கும், கிறவுண் பொருத்துவதற்காகச் செதுக்கிய பல்லுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் மென்பொருள் நிறத்தால் காட்டும். கிறவுணுக்குத் தேவையான தடிப்பு ஓர் இடத்தில் கிடைக்காது என்று தெரிந்தால், வைத்தியர் அங்கேயே இன்னும் சிறிது செதுக்கிவிட்டு மறுபடி பார்க்கலாம். இது முன்னர் எங்களுக்குக் கிடைக்காத வசதி.

பல் வைத்தியர், மானிப்பாய்:

மேலே எழுதிய அண்ணா சொன்னதுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அவர் சொன்ன பயன் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும்.

ஸ்கானர் ஒளியால் பார்க்கும் கருவி. ஒளி விழாத இடத்தை அதனால் பதிய முடியாது. உமிழ்நீர் தேங்கிய இடத்தில் மேற்பரப்புத் தவறாகப் பதியும். இரத்தம் கசிந்தால் விளிம்பு மறைந்துவிடும். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பெரிதாகச் சொத்தையானவை என்பதால், கிறவுணின் விளிம்பு சில இடங்களில் முரசுக்கு (ஈறுக்கு) கீழே போக நேரிடுகிறது. அவ்வாறான இடத்தில் முரசை மெல்லிய நூல் வைத்து ஒதுக்கி, கசிவை நிறுத்தி, நன்றாக உலர்த்திய பின்னரே ஸ்கான் செய்ய வேண்டும். சிலிக்கோனுக்கும் இதே ஆயத்தம் தேவைதான்; ஆயினும் இளக்கமான சிலிக்கோன் முரசின் ஓரத்துக்குள் சற்று வழிந்து செல்லும், ஒளி அப்படி வழியாது. முரசு வீங்கிச் சிவந்திருக்கும் நோயாளிக்கு நான் அன்றைக்கு ஸ்கானும் செய்வதில்லை, அச்சும் எடுப்பதில்லை. பற்காறையை நீக்கித் தற்காலிகக் கிறவுண் வைத்து, முரசு ஆறிய பின்னரே அழைக்கிறேன். இதனால் சிலருக்கு என்மேல் சலிப்பு ஏற்படுவதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். கருவி எதுவாக இருந்தாலும், பல்லை எப்படிச் செதுக்குகிறோம் என்பதே கிறவுணின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிக்கிறது. விளிம்புக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் உயரத்துக்காவது உறுதியான இயற்கைப் பல் சுற்றிவர இருந்து, அதைக் கிறவுண் இறுகப் பிடிக்க வேண்டும். அது இல்லாத பல்லில் எவ்வளவு அழகாக ஸ்கான் செய்தாலும் கிறவுண் நிலைப்பது கடினம். கணினி வழியாகக் கிறவுண் செய்வதாயின், செதுக்கிய பல்லில் கூரான மூலைகள் இருக்கவும் கூடாது. கிறவுணின் உட்புறத்தைக் குடையும் ஊசிக்கென்று ஒரு தடிப்பு உண்டு. அதைவிட ஒடுங்கிய மூலையை அது குடைய முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் மென்பொருள் தானாகவே கூடுதலாகக் குடையச் சொல்லும். அதனால் உட்புறம் தளர்ந்து, கிறவுணின் சுவரும் மெலிந்துவிடும்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர், "விளிம்பு எங்கே நிற்கும், அதைத் திரையில் எனக்குக் காட்டுவீர்களா" என்று கேளுங்கள். ஸ்கான் செய்யும் இடத்தில் அதைக் காட்ட முடியாது என்றால், நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தின் முக்கியமான பயன் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்லூர்:

எனக்கு மேற்பற்கள் ஒன்றுகூட இல்லை. பொய்ப்பல் செய்வதற்கு அச்சு எடுக்கும்போது குமட்டல் தாங்க முடியவில்லை. எனக்கும் ஸ்கான் மூலம் செய்ய முடியுமா?

பல் வைத்தியர், மானிப்பாய்:

ரீச்சர், குமட்டல் உள்ளவர்களுக்கு ஸ்கான் பெரிய ஆறுதல்தான். இடையில் நிறுத்தி, இளைப்பாறி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் உங்கள் நிலையில் அதை மட்டும் நம்பி வேலை செய்ய நான் விரும்பமாட்டேன். ஸ்கானர் ஒரே நேரத்தில் சிறு பரப்பையே பார்க்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் பல படங்களை, அவற்றில் பொதுவாக உள்ள அடையாளங்களைக் கொண்டு மென்பொருள் இணைக்கிறது. பற்கள் இருந்தால் அவற்றின் குழிகளும் மேடுகளும் அடையாளமாக அமையும். பல் இல்லாத வழவழப்பான, ஈரமான முரசில் அப்படியான அடையாளங்கள் மிகக் குறைவு. பற்கள் இருக்கும்போது கூட, ஒவ்வோர் இணைப்பிலும் ஏற்படும் சிறு பிழை தாடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகப் போகக் கூடிக்கொண்டே போகும். ஒரு பல்லுக்கும், அடுத்தடுத்த சில பற்களுக்கும் ஸ்கான் நம்பகமானதாக இருப்பதும், முழுத் தாடைக்கு அதே அளவு நம்பிக்கையுடன் சொல்ல முடியாதிருப்பதும் இந்தக் காரணத்தாலேயே.

அதைவிட முக்கியமானது, முழுப் பொய்ப்பல்லின் ஓரம் கன்னமும் உதடும் அசையும்போது எந்த இடத்தில் நிற்கின்றனவோ அந்த இடத்துடன் பொருந்த வேண்டும். அந்த அசைவை இளகிய பொருளை வைத்துத்தான் நாங்கள் பதிந்துகொள்கிறோம். ஸ்கானர் அசையாமல் ஒதுக்கிப் பிடித்த கன்னத்தையே பார்க்கிறது. அச்சுப் பசையை வாய்க்குள் வைக்கும் தட்டில் உங்களுக்குப் பொருத்தமான சிறியதைத் தெரிவு செய்து, சற்று நிமிர்ந்து உட்காரவைத்து, விரைவில் இறுகும் பசையால் அச்சு எடுத்தால் குமட்டலைப் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இந்த இடத்தில் வேறொன்றையும் எழுதிவிடுகிறேன். வாயை முன்னர் போல அகலத் திறக்க முடியவில்லை, அதனால் தட்டு உள்ளே போகவில்லை, ஸ்கான் செய்யலாமா என்று கேட்டு வரும் சிலர் நீண்ட காலமாகப் பாக்குப் போடுபவர்களாக இருக்கிறார்கள். ஸ்கானரின் முனை உள்ளே போகுமா என்பது அங்கே இரண்டாவது கேள்வி. பாக்கு வாயின் உட்புற இழையங்களை இறுக்கிவிடும். அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு முன்னோடியான நிலையாகக் கருதப்படுகிறது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் கிறவுணுக்கு முன்னர் யாழ். போதனா வைத்தியசாலையில் வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பல் வைத்தியர், சாவகச்சேரி:

நான் இதுவரை ஸ்கானர் வாங்கவில்லை. அதற்கான காரணங்களை முன்வைக்க விரும்புகிறேன், ஏனெனில் இங்கு எழுதப்படுவதைப் படிப்பவர்கள் சிலிக்கோன் அச்சு எடுக்கும் வைத்தியரைக் காலத்துக்குப் பிந்தியவர் என்று எண்ணிவிடக் கூடாது.

சிலிக்கோன் என்று எல்லாரும் ஒரே பெயரால் அழைத்தாலும், நடைமுறையில் இரண்டு வகைகள் இருக்கின்றன. மலிவான வகை இறுகும்போது அற்ககோல் ஆவியாகி வெளியேறுவதால் தொடர்ந்து சுருங்குகிறது. அதற்குள் உடனடியாக ஜிப்சம் ஊற்ற வேண்டும். அதைப் பொதி செய்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புவது முறையன்று. மற்ற வகையில் அவ்வாறு எதுவும் ஆவியாவதில்லை; அது ஒரு வாரத்துக்கும் மேலாக அளவு மாறாமல் நிற்கும். நான் அதையே பயன்படுத்துகிறேன். அதைக் கலக்கும்போது இலேடெக்ஸ் கையுறை அணியக் கூடாது, ஏனெனில் கையுறையிலுள்ள கந்தகச் சேர்வைகள் பசை இறுகுவதைத் தடுத்துவிடும். இவ்வளவு கவனத்துடன் எடுத்த அச்சை, உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் நோயாளி எழும்புவதற்கு முன்னரே நானும் பரிசோதிக்கிறேன். ஆகவே பிழையைக் கதிரையிலேயே கண்டுபிடிப்பது ஸ்கானருக்கு மட்டும் உரிய தனிச்சிறப்பன்று.

மறுபக்கம் செலவைப் பாருங்கள். ஸ்கானரின் விலை டொலரில் இருக்கிறது. 2022 இல் டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். சில நிறுவனங்கள் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் தனியாகக் கட்டணம் கேட்கின்றன. இந்தச் செலவு இறுதியில் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. ஒரு கிறவுணுக்குச் செலவழிக்கும் பணத்தில், அதே வாயிலுள்ள மற்றச் சொத்தைப் பற்களை அடைத்துவிடலாம் என்றால், நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

பல் தொழில்நுட்பவியலாளர், திருநெல்வேலி:

சாவகச்சேரி வைத்தியர் ஐயா எழுதியதில் நான் மறுக்க வேண்டியது ஒன்றே. அச்சு ஒரு மறைநிலை வடிவம்; பல்லின் மேடு அங்கே பள்ளமாக இருக்கும். அதில் விளிம்பின் ஒரு சிறு கிழிசலைக் கண்டுபிடிப்பதற்கு உங்களைப் போல நீண்ட பழக்கம் வேண்டும். திரையில் பல் பல்லாகவே தெரிகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவரும், நோயாளியும்கூட அதைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். உங்கள் கையில் இருக்கும் தேர்ச்சி எல்லாரிடமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேச முடியாது.

செலவைப் பற்றி நீங்கள் கூறியதை ஏற்கிறேன். இங்குள்ள நிலைமைக்கு நடுவழி ஒன்று உண்டு. வைத்தியர் நல்ல சிலிக்கோனால் அச்சு எடுக்கட்டும். யாழ்ப்பாணத்திலேயே ஒரு லாப் ஜிப்சம் ஊற்றி, அந்த வார்ப்பை மேசை ஸ்கானரில் வைத்துப் பதியட்டும். மேசை ஸ்கானருக்கு உமிழ்நீரும் இல்லை, நாக்கும் இல்லை. அது மிகத் துல்லியமாகப் பதியும். அதன்பின் கோப்பை எந்த ஊருக்கும் அனுப்பலாம். ஒரு லாபிலுள்ள ஒரு கருவி பல வைத்தியர்களுக்குப் பயன்படும். ஒவ்வொரு சிகிச்சை நிலையமும் தனித்தனியே கருவி வாங்கிக் கடன்படுவதைவிட இதுவே இன்றைக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

பல் வைத்தியர், சாவகச்சேரி:

அந்த ஏற்பாட்டுக்கு நான் ஆதரவு. அச்சு 400 கிலோமீற்றர் பயணம் செய்யாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உரும்பிராய் வாசகர்:

ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறது. அங்கே கட்டணம் கூடுதல் என்பதால் இங்கே பல் வேலைகளை முடித்துக்கொண்டு போக விரும்புகிறார்கள். ஒரே நாளில் கிறவுண் போடலாம் என்று கேள்விப்பட்டேன். அது சாத்தியமா?

பல் தொழில்நுட்பவியலாளர், திருநெல்வேலி:

சாத்தியம்தான். இந்தத் தொழில்நுட்பமே அந்த நோக்கத்துடன்தான் தொடங்கியது. பிரான்சில் டியூரே 1973 இல் தமது ஆய்வேட்டில் ஒளியால் அச்சு எடுக்கும் எண்ணத்தை முன்வைத்தார். சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மான் என்ற பல் வைத்தியரும் பிரான்டெஸ்தினி என்ற பொறியியலாளரும் சேர்ந்து, நோயாளியின் அருகிலேயே பல்லைப் பதிந்து, பீங்கான் கட்டியிலிருந்து குடைந்து, அதே அமர்வில் பொருத்தும் முறையை உருவாக்கினார்கள். அவ்வாறான முதலாவது பல் அடைப்பு 1985 இல் செய்யப்பட்டது.

ஆனால் எந்தப் பொருளில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து நேரம் மாறும். லிதியம் டைசிலிக்கேற் என்ற கண்ணாடிப் பீங்கான், நீலம் கலந்த ஊதா நிறக் கட்டியாக வரும். முழுமையாக இறுகாத அந்த நிலையில் குடைந்த பின்னர், 840 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் உலையில் வைத்தால் உறுதி பெற்றுப் பல்லின் நிறத்துக்கு மாறுகிறது. அதை ஒரு நாளுக்குள் முடிக்கலாம். சிர்கோனியா என்ற மற்றப் பீங்கான் அப்படியன்று. அதை மிருதுவான நிலையில், உண்மையான அளவைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பெரிதாகக் குடைகிறோம். பின்னர் 1500 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் வைக்கும்போது அது சுருங்கிச் சரியான அளவுக்கு வருகிறது. சிர்கோனியாத் தட்டுகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் உற்பத்தியாளர் குறித்துள்ள சுருக்க எண்ணை மென்பொருளில் சரியாக இட வேண்டும். எண் மாறினால் கிறவுண் இறுகும், அல்லது தளரும். விரைவு உலைகள் இருந்தாலும், வழக்கமான உலையில் இந்தச் சூடேற்றலுக்குப் பல மணித்தியாலங்கள் பிடிக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் சிர்கோனியா வேலையை ஒத்திவைக்க வேண்டியிருந்தது, ஏனெனில் உலை பாதி வழியில் அணைந்தால் உள்ளே இருக்கும் வேலையை நம்ப முடியாது. இன்றும் மின்பிறப்பாக்கி இல்லாத லாபில் ஒரே நாள் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நீர் தெளித்துக் குடையும் இயந்திரத்துக்கு எங்கள் கிணற்று நீரை அப்படியே விடுவதும் கூடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் குழாய்களிலும் ஊசிகளிலும் படிந்துவிடும். வடித்த நீரே வேண்டும்.

அக்காவிடம் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வைத்தியரைச் சந்திக்கச் சொல்லுங்கள். பொருத்திய பின்னர் கடி உயரமாக இருந்தால் திருத்துவதற்கு நாட்கள் மிஞ்ச வேண்டும்.

கொக்குவில் வாசகர்:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. மானிப்பாய் வைத்தியர் சொன்ன கேள்வியை இரண்டு இடங்களிலும் கேட்டோம். ஸ்கான் செய்யும் இடத்தில் பல்லின் நாக்குப் பக்க விளிம்பு முரசுக்குச் சற்றுக் கீழே வரும் என்று படம் வரைந்து விளக்கி, முரசு ஆறிய பின்னரே ஸ்கான் செய்வதாகச் சொன்னார்கள். அச்சு எடுக்கும் இடத்தில் எந்த வகைச் சிலிக்கோன் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்கான் செய்யும் இடத்தையே தெரிவுசெய்திருக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள்: அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்? ஸ்கான் செய்த நாளுக்கும் கிறவுண் பொருத்தும் நாளுக்கும் இடையில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பல் வைத்தியர், மானிப்பாய்:

கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அது உங்கள் அம்மாவின் உடலைப் பற்றிய தகவல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்புக் கவனத்துக்குரியவையாகவே கொள்கிறது. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எஸ்.டி.எல். வடிவத்தில் கேளுங்கள். அந்த வடிவம் பல்லின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களாக மட்டுமே சேமிக்கும், நிறம் அதில் இராது. ஆகவே நிறத்துடன் சேமிக்கும் பி.எல்.வை. வடிவத்திலும் தர முடிந்தால் இரண்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் எப்போதாவது அந்தக் கிறவுண் உடைந்தால், அதற்குள் இருந்த பல்லின் வடிவம் உங்களிடம் இருக்கும். நிறத்தைத் தெரிவுசெய்வதை மட்டும் ஸ்கானரிடம் விட்டுவிடாமல், பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பல்லுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. ஸ்கான் செய்த அந்தக் கணத்தில் இருந்த வாய்க்கே கிறவுண் செய்யப்படுகிறது. செதுக்கிய பல் வெறுமையாக இருந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாயத் தொடங்கும், எதிர்ப்பல் மெல்ல இறங்கும், முரசும் விளிம்பின்மேல் வளரும். அப்போது மிகச் சிறந்த ஸ்கானிலிருந்து செய்த கிறவுணும் பொருந்தாமல் போகும். ஆகவே தற்காலிகக் கிறவுண் கழன்றால், வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் வலி இராது என்பதற்காக அம்மா பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கோ மறுநாளோ வைத்தியரிடம் கொண்டுபோய் மீண்டும் ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தால் கச்சான், முறுக்கு போன்றவற்றைக் கடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பொருத்தும் நாளில், நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன்னர் பல்லிடை நூலைக் கிறவுணின் இரு பக்கமும் விட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். நூல் சற்று இறுக்கமாக உள்ளே போய், முழுதாக வெளியே வர வேண்டும். அது விளிம்பில் சிக்கிக் கிழிந்து வந்தாலோ, எந்தத் தடையுமின்றி வழுக்கிப் போனாலோ, ஒட்டுவதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். ஒட்டிய பின்னர் அதைத் திருத்த வேண்டுமானால் பெரும்பாலும் கிறவுணை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.